துணை விண்மீன் சொல்லும் எடை

செப்டம்பர், அக்டோபர் மாத முன்னிரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளியில் நின்று வடக்கு நோக்கி நிமிர்ந்தால், சிறகு விரித்த பறவை வடிவில் சிக்னஸ் விண்மீன் கூட்டம் உயரத்தில் தெரியும். அதன் கழுத்துப் பகுதியில் எச்டிஇ 226868 என்ற நீல விண்மீன் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டாது. பிரகாசம் ஏறத்தாழ 9 என்ற அளவில் இருப்பதால், பள்ளிக்கூடத்துச் சிறு தொலைநோக்கியிலேயே பார்த்துவிடலாம். அந்த விண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு சேர்ந்து சுற்றி வருகிறது. தெரியாத அந்த ஒன்றுதான் சிக்னஸ் எக்ஸ்-1. கருந்துளை என்று உலகம் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட பொருள் அது.

2011இல் அதன் நிறை சூரியனைப்போல் 14.8 மடங்கு என்று அறிவித்தார்கள். 2021இல் அது 21.2 மடங்கு ஆனது. பத்து ஆண்டுகளில் அந்தக் கருந்துளை ஆறு சூரியன்களை விழுங்கிவிடவில்லை. நாம் அதை அறிந்திருந்த விதம்தான் மாறியது. அந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று தேடிப் போனால் கருந்துளைக்கு அருகில் எதுவும் அகப்படுவதில்லை. மாற்றமெல்லாம் அதன் துணை விண்மீனைப் பற்றிய நம் அறிவில் நேர்ந்தது. ஐம்பது ஆண்டுக்கால அளவீடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே உண்மை திரும்பத் திரும்ப வருகிறது: துணை விண்மீனை எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறோமோ அவ்வளவுதான் கருந்துளையின் எடையும் சரி.

எடையே அடையாளம்

கருந்துளை ஆய்வில் நிறைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்ற கேள்விக்கான விடையில் பாதி சென்னையிலிருந்து புறப்பட்டது. மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீனால் எவ்வளவு நிறையைத் தாங்க முடியும் என்று அந்தப் பயணத்தில் கணக்கிட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குதான் அந்த எல்லை. அதைத் தாண்டினால் எலெக்ட்ரான்களின் அழுத்தம் தோற்றுவிடும். அடுத்த நிலை நியூட்ரான் விண்மீன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1974இல் ரோட்ஸ், ரூஃபினி இருவரும் அது 3.2 சூரிய நிறையைத் தாண்ட முடியாது என்று காட்டினார்கள். உண்மையான எல்லை இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதே இன்றைய கருத்து.

ஒளி தராத, இறுகிய ஒரு பொருள் மூன்று சூரிய நிறைக்கு மேல் இருந்தால், நமக்குத் தெரிந்த இயற்பியலில் அதற்குக் கருந்துளை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அதனால் இங்கே எடை போடுவது கூடுதல் விவரம் சேர்க்கும் வேலை அல்ல, அந்தப் பொருள் எது என்று தீர்மானிக்கும் வேலை.

ஊசலாடும் கோடு

அடிப்படை முறை எளியது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, தெரிகிற விண்மீன் பாதி நேரம் நம்மை நோக்கி வரும், மீதி நேரம் விலகிப் போகும். வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், போகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான் இது. வேகம் நொடிக்கு 75 கிலோமீட்டர் என்றால், 656.3 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு வெறும் 0.16 நானோமீட்டர் நகரும். அந்தச் சிறு நகர்வைப் பல இரவுகள் தொடர்ந்து பதிவு செய்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: சுற்றுக்காலம், வேகத்தின் வீச்சு.

வேகத்தை மும்முறை பெருக்கி, அதைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியின் 2π மடங்கால் வகுத்தால் வருவதற்கு நிறைச் சார்பு என்று பெயர். கருந்துளையின் நிறை இதைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. இது கீழ் எல்லை மட்டுமே. உண்மையான நிறையை எட்ட இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று துணை விண்மீனின் நிறை. மற்றொன்று சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. பாதையைத் தட்டையாக மேலிருந்து பார்ப்பதுபோல் அமைந்துவிட்டால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கோடு அசையாது. சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பும் மும்முறை பெருக்கப்பட்டே கணக்குக்குள் வருகிறது. அதனால் கோணத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் நிறையில் பெரும் பிழையாக வளர்ந்துவிடும்.

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். வரைபடத்தில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் இல்லாவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பில்லை. நான்கு பாகங்களை அடுக்கிப் பொருத்தும்போது நான்கின் டாலரன்ஸும் சேர்ந்தே கடைசி இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. கருந்துளையின் நிறையும் அப்படி அடுக்கிப் பொருத்தப்பட்ட எண்தான்.

சிக்னஸ் எக்ஸ்-1: மாறாத தரவு, மாறிய எடை

1964இல் ஒரு ராக்கெட் ஆய்வில் சிக்னஸ் திசையிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவது தெரிந்தது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், அந்தக் கதிர்கள் நொடிக்குள் துடித்து மாறுவதைக் கண்டது. அவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால் மூலப்பொருள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். 1971இல் ரேடியோ அலை மூலம் இடம் துல்லியமானது, அங்கே எச்டிஇ 226868 இருந்தது. இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், கனடாவின் டொரான்டோவில் டாம் போல்டனும் தனித்தனியாக அதன் நிறமாலையைப் பதிவு செய்து, 5.6 நாள் ஊசலை 1972இல் வெளியிட்டார்கள்.

ஆனால் அதன் நிறைச் சார்பு வெறும் 0.25 சூரிய நிறை. அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. துணை விண்மீன் மிகப் பெரியது என்பதால்தான் தெரியாத பொருளும் கனமானது என்று வாதிட வேண்டியிருந்தது. 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிப் தார்னும் இது கருந்துளையா இல்லையா என்று பந்தயம் கட்டியது வெறும் விளையாட்டு அல்ல, அன்று உண்மையிலேயே இடைவெளி இருந்தது. ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டது 1990இல்.

2011இல் கண்டம் அளவுக்குப் பரவிய ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, இடமாறு தோற்றத்தின் வழியே அதன் தூரம் சுமார் 6,070 ஒளியாண்டு என்று அளந்தார்கள். அந்தத் தூரத்தில் துணை விண்மீனின் நிறை 19.2, கருந்துளை 14.8. 2021இல் ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழு, கருந்துளை தன் பாதையில் நகர்வதையும், துணை விண்மீனின் காற்று ரேடியோ அலையை உறிஞ்சுவதால் படம் இடம்பெயர்ந்து தோன்றுவதையும் கணக்கில் சேர்த்தது. தூரம் 7,240 ஒளியாண்டு ஆனது. தூரம் கூடினால், அதே பிரகாசத்தோடு தெரிவதற்கு விண்மீன் உண்மையில் இன்னும் ஒளிமிக்கதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்பப் பெரிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். துணை விண்மீன் 40.6 சூரிய நிறைக்குப் போனது, கருந்துளை 21.2 ஆனது. இப்போது அதே 0.25க்குத் திரும்பிச் சென்று சரிபார்க்கலாம். 27.5 பாகை சாய்வின் சைன் மதிப்பை மும்முறை பெருக்கினால் 0.098. அதை 21.2ஆல் பெருக்கி, நிறை விகிதத்தோடு ஒன்றைக் கூட்டிய 2.9இன் இருமடியால் வகுத்தால் மீண்டும் 0.25 வருகிறது. ஊசலின் அளவு ஐம்பது ஆண்டுகளாக ஏறக்குறைய அதுவேதான். தூரம் மட்டும் மாறியது, எடையும் கூடவே மாறியது.

சிறு துணை, உறுதியான எடை

துணை விண்மீன் சிறியதாக இருந்தால் இந்தச் சிக்கல் குறைகிறது. 1975 ஆகஸ்டில் மோனோசிரஸ் விண்மீன் கூட்டத்தில் ஏ0620-00 என்ற மூலம் திடீரென எரிந்து, சில வாரங்கள் வானத்தில் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமாக இருந்து அடங்கியது. கருந்துளையைச் சுற்றிய வாயு வட்டு ஒளி குன்றிய பிறகுதான் துணை விண்மீன் தனியாகத் தெரிய வந்தது, சூரியனைவிடச் சிறிய ஆரஞ்சு விண்மீன். 1986இல் மெக்கிளின்டாக்கும் ரெமிலார்டும் அது 7.75 மணி நேரத்தில் ஒரு சுற்று, நொடிக்கு 457 கிலோமீட்டர் வேகம் என்று கண்டார்கள். நிறைச் சார்பு 3.18. துணையின் நிறை எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று எதையும் ஊகிக்காமலே, கீழ் எல்லை நியூட்ரான் விண்மீனின் உச்ச எல்லையைத் தொட்டது. பின்வந்த அளவீடுகள் அந்தச் சார்பைச் சற்றுக் குறைத்தாலும், சாய்வையும் சேர்த்துக் கணித்த நிறை 6.6 ஆனது.

ஐயத்துக்கு இடமே வைக்காமல் செய்தது வி404 சிக்னி. 1989 மே மாதம் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் கண்ட அதைக் காசரஸ், சார்ல்ஸ், நெய்லர் மூவரும் அளந்து 1992இல் வெளியிட்டார்கள். சுற்றுக்காலம் 6.47 நாள், நிறைச் சார்பு ஆறுக்கு மேல். எந்த நியூட்ரான் விண்மீனாலும் அந்த எண்ணை எட்ட முடியாது. அதன் நிறை சுமார் 9 சூரிய நிறை என்பது இன்றைய கணிப்பு.

சாய்வு என்னும் தீராத சிக்கல்

சாய்வைக் காண வழி உண்டு. கருந்துளையின் ஈர்ப்பு துணை விண்மீனை முட்டை வடிவில் இழுத்திருக்கும். அது சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை பிரகாசம் கூடிக் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு சாய்வைச் சொல்லும். ஆனால் வாயு வட்டின் ஒளி கலந்துவிட்டால் ஏற்ற இறக்கம் சிறிதாகத் தெரியும், சாய்வு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும், நிறை உள்ளதைவிடக் கூடுதலாக வரும். நியூட்ரான் விண்மீன்களுக்கும் 5 சூரிய நிறைக் கருந்துளைகளுக்கும் நடுவே காலியிடம் இருப்பதாகப் பலர் சொல்லிவந்தார்கள். இந்தப் பிழையாலேயே அந்தக் காலியிடம் ஓரளவு உருவாகியிருக்கலாம் என்று 2012இல் லாரா கிரைட்பெர்க் குழு எச்சரித்தது. நம் அளவுமுறையில் உள்ள பிழையை இயற்கையின் விதியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இது.

கிரகணம் நிகழும் இரட்டைகளில் சாய்வு கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. ட்ரையாங்குலம் விண்மீன் மண்டலத்தில் உள்ள எம்33 எக்ஸ்-7இல் துணை விண்மீன் 3.45 நாளுக்கு ஒருமுறை எக்ஸ் கதிரை மறைக்கிறது. சுமார் 27 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் அதன் நிறையை 15.65 என்று துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்கு அந்தக் கிரகணமும், அந்த மண்டலத்தின் தூரம் நமக்கு முன்பே நன்கு தெரிந்திருந்ததும் காரணம்.

துணை தெரியாதபோது: இந்தியாவின் பங்கு

நம் மண்டலத்தின் தூசிப் படலத்துக்குப் பின்னால் பல துணை விண்மீன்கள் மறைந்திருக்கின்றன. 1992இல் கண்டறியப்பட்ட ஜிஆர்எஸ் 1915+105 அத்தகையது. 1996 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்ற ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் அமைத்த எக்ஸ் கதிர்க் கருவி, அந்த மூலம் ஒழுங்கான இடைவெளியில் பொங்கி அடங்குவதைப் பதிவு செய்தது. ஆனால் எடை போட அகச்சிவப்பில் துணையைப் பார்க்க வேண்டியிருந்தது. 2001இல் சிலியின் பெருந்தொலைநோக்கி அதைச் செய்தபோது வந்த விடை 14, கூட்டியோ குறைத்தோ 4. 2013இல் 10.1. 2014இல் இடமாறு தோற்றத்தால் தூரம் 28,000 ஒளியாண்டு என்று தெரிந்ததும் 12.4. இங்கும் எடையைக் கடைசியாக நகர்த்தியது தூரமே.

துணை தெரியவே தெரியாத மூலங்களில் எக்ஸ் கதிரின் நிறமாலையும் துடிப்பும் மட்டும்தான் கையில் இருக்கும். எக்ஸ் கதிர் துடிப்பின் அதிர்வெண் கருந்துளை கனமாக ஆகக் குறையும் என்ற அடிப்படையில், நிறை தெரிந்த மூலங்களோடு ஒப்பிட்டு எடையை மதிப்பிடலாம். நிர்மல் ஐயர், அனுஜ் நந்தி, சமீர் மண்டல் மூவரும் 2015இல் ஐஜிஆர் ஜே17091-3624 என்ற மூலத்தை இப்படி ஆராய்ந்து 8.7 முதல் 15.6 சூரிய நிறை வரை என்ற வரம்பைக் கொடுத்தார்கள். வரம்பு அகலமானது, அதை மறைக்காமல் சொன்னதே அதன் நேர்மை. இந்த முறையின் அளவுகோலும் துணை விண்மீன் கொண்டு எடை போட்ட மூலங்களிலிருந்து வருவதால், முதல் முறை தவறினால் இதுவும் தவறும்.

அதே 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வசதியை இந்தியாவுக்குத் தந்தது. அதன் புற ஊதாத் தொலைநோக்கி ஒசகோட்டேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில் பொருத்தப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட எக்ஸ்போசாட், எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை அளக்கிறது. அதன் முதன்மைக் கருவி பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆக்கம். முனைவாக்கம் வட்டின் சாய்வைச் சொல்லக்கூடியது என்பதால் அதற்கு இந்தக் கேள்வியில் இடமுண்டு. 2022இல் அமெரிக்க, இத்தாலியக் கூட்டு முயற்சியான ஐஎக்ஸ்பிஇ, சிக்னஸ் எக்ஸ்-1இன் முனைவாக்கம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று கண்டது. உள்வட்டு, சுற்றுப்பாதையைவிட அதிகம் சாய்ந்திருக்கலாம் என்பது அதன் பொருள். வட்டின் சாய்வை அப்படியே பாதையின் சாய்வாக எடுத்துக்கொண்டு எடை போட்டவர்களுக்கு இது எச்சரிக்கை.

தவறிய எடைகள்

துணையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 நவம்பரின் எல்பி-1 தெளிவான சான்று. சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கியில் பிடிபட்ட அந்த இரட்டையில் 70 சூரிய நிறைக் கருந்துளை இருப்பதாக அறிவித்தார்கள். ஒரு கோடு லேசாக ஊசலாடுவதை வாயு வட்டோடு கருந்துளை அசைவதாகக் கொண்டதே அந்தக் கணக்கின் அடிப்படை. சில வாரங்களிலேயே வேறு குழுக்கள், அசையாத ஒளிர்கோட்டின் மேல் துணை விண்மீனின் அசையும் கோடு படிவதால்தான் அந்தத் தோற்றம் என்று காட்டின. பெரும் கனமுள்ள விண்மீன் என்று கருதிய துணை, மேலாடை உரிந்த இலேசான விண்மீன்தான் என்ற விளக்கமும் வந்தது. 2020இல் நமக்கு மிக அருகில் கருந்துளை என்று அறிவிக்கப்பட்ட எச்ஆர் 6819க்கும் 2022இல் இதே கதி. இரண்டிலும் தவறு நேர்ந்த இடம் துணை விண்மீன்.

சாய்வும் ஒளியும் தேவைப்படாத வழிகள்

ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோள் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. துணை விண்மீன் வானில் வரையும் சிறு வளையத்தையே அது காண்பதால், சாய்வும் தூரமும் நேரடியாகக் கிடைக்கின்றன. 2022இல் வெளியான கையா பிஎச்1, சூரியனைப் போன்ற ஒரு விண்மீனோடு 185.6 நாளில் சுற்றும் 9.62 சூரிய நிறைக் கருந்துளை. பிழை வெறும் 0.18. தூரம் சுமார் 1,560 ஒளியாண்டு. 2024 ஏப்ரலில் அறிவித்த கையா பிஎச்3 சுமார் 33 சூரிய நிறை, சுற்றுக்காலம் 11.6 ஆண்டு. இவற்றில் எக்ஸ் கதிர் இல்லை, துணையின் வாயு கருந்துளைக்குப் போவதில்லை. அமைதியான துணை என்பதால்தான் இவ்வளவு துல்லியம்.

இரண்டுமே கருந்துளைகளாக இருக்கும் இரட்டையில் ஒளிக்கு வேலையில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகம் பதிவு செய்த அலையின் அதிர்வெண் கூடிய வேகமே நிறைகளைச் சொன்னது: 36ம் 29ம் சேர்ந்து 62. மீதி மூன்று சூரிய நிறை அலையாகப் போனது. ஆனாலும் பிரபஞ்ச விரிவு அலையை நீட்டுவதால், அளக்கும் நிறை உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும், அதைத் திருத்தத் தூரம் தெரிய வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது சேரும்போது அலை வந்த திசையும் தூரமும் இன்னும் நன்றாகத் தெரியும். அந்த அளவுக்கு நிறைகளும் உறுதிப்படும்.

நம் பக்கத்தில் செய்யக்கூடியது

தளிக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, அதே அட்சரேகையில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். உலகத்தின் பெரிய கண்ணாடிகள் 8, 10 மீட்டருக்குப் போய்விட்ட காலத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன வரலாறே அதற்கு விடை. பிரகாசமான துணை விண்மீனின் கோடு ஊசலாடுவதைக் காணப் பெரிய கண்ணாடியைவிட, நல்ல நிறமாலைமானியும் பல ஆண்டுப் பொறுமையும் முக்கியம். பெரிய தொலைநோக்கிகள் ஓர் இரவு கொடுப்பதே அரிது. தொடர்ச்சியான கண்காணிப்பைத் தர நடுத்தரத் தொலைநோக்கிகளால்தான் முடியும். கையா 2025 ஜனவரியில் பணியை முடித்துக்கொண்டது. அதன் அடுத்த பெரும் தரவுத் தொகுப்பு வரும்போது சரிபார்க்க வேண்டிய இரட்டைகள் ஏராளமாகக் குவியும்.

கருவி மட்டும் போதாது, இருளும் வேண்டும். லடாக்கின் ஹன்லேயைச் சுற்றி 2022இல் இருள் வானக் காப்பகம் அறிவித்ததுபோல், காவலூரைச் சுற்றிய மலை ஊர்களிலும் விளக்குகளைக் கீழ்நோக்கி மூடுவதைச் சட்டத்தின் துணையோடு செய்ய வேண்டும். பெங்களூரும் ஓசூரும் வளரும் வேகத்தில், தளி, தேன்கனிக்கோட்டை வானத்தையும் இதே அக்கறையோடு காப்பது நம் பிள்ளைகளுக்கான கடமை.

ஆஸ்ட்ரோசாட் தரவுகள் பெங்களூரை ஒட்டிய பைலாலுவின் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் வழியே பொதுவில் கிடைக்கின்றன. கையா தரவும் அப்படியே. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பொறியியல் படிக்கும் மாணவர், கல்லூரிக் கணினியிலேயே ஓர் இரட்டையின் சுற்றுக்காலத்தைக் கண்டு, நிறைச் சார்பைக் கணக்கிட்டு, வெளியான எண்ணோடு ஒப்பிடலாம். ஆசிரியர்கள் இதை இறுதியாண்டுத் திட்டப் பணியாகக் கொடுக்க வேண்டும். இனி ஒரு கருந்துளையின் எடையைச் செய்தியில் படிக்கும்போது, எண்ணின் பருமனைக் கண்டு வியப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கும் தலைமுறை நமக்கு வேண்டும்: துணை விண்மீன் எது, அதன் தூரத்தை எப்படி அளந்தார்கள், சாய்வு எங்கிருந்து வந்தது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் எண்ணை மட்டுமே எடை என்று ஏற்கலாம்.